மெட்ராஸில் இரண்டு பகல்

2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவார ஊர்களில் அந்தச் செய்தியை ஒருவர் விடாமல் படித்திருப்பார்கள். பொதிகை, கொல்லம் எக்ஸ்பிரஸ், வாரத்தில் சில நாள் ஓடும் சிலம்பு என்று விரல்விட்டு எண்ணக்கூடிய ரயில்களை நம்பித்தான் அங்கே கல்யாணம், ஆஸ்பத்திரி, இன்டர்வியூ எல்லாமே. ராஜபாளையத்தில் சமூக அறிவியல் நடத்தும் டீச்சர் ஒருவர் செய்தியைப் படித்த கையோடு காலண்டரை எடுத்து எண்ணினார். ஜனவரி 3, வெள்ளிக்கிழமை கிளம்ப வேண்டுமென்றால் நவம்பர் 4, திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு முன்பதிவு திறக்கும்.

கணவன், மனைவி, ப்ளஸ் ஒன் படிக்கும் மகள், எட்டாம் வகுப்புப் படிக்கும் மகன். நால்வருக்கும் முழு டிக்கெட். ரயில்வே கணக்கில் 12 வயது முடிந்தால் பிள்ளைகளும் பெரியவர்கள்தான். இடம் கிடைத்துவிட்டது. சென்னையில் வேலை பார்க்கும் தெற்கத்திக்காரர்கள் வெள்ளி இரவு ஊருக்கு வருவார்கள், ஞாயிறு இரவு திரும்புவார்கள். டீச்சர் குடும்பம் வெள்ளி இரவு சென்னைக்குப் போய் ஞாயிறு இரவு ஊருக்குத் திரும்பியது. வார இறுதிப் பயணத்துக்கு இந்த எதிர்த்திசை ஒரு பெரிய வசதி, தெற்கில் இருப்பவர்கள் இதை இன்னும் கொஞ்சம் பயன்படுத்திக்கொள்ளலாம்.

ஆம்னி பஸ்ஸில் போகலாமே என்றார் கணவர். டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. 2023 டிசம்பர் 30இல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு தென்மாவட்ட பஸ்களுக்கு அதுதான் எல்லை. நகரத்தின் நடுவிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர். அதிகாலையில் அங்கே இறங்கி, மூட்டை முடிச்சோடு இன்னொரு வண்டி பிடித்து, எழும்பூர் வந்து சேர்வதற்குள் சனிக்கிழமையில் ஒரு துண்டு போய்விடும். இரண்டு பகலில் ஒரு துண்டு என்பது சின்ன விஷயமில்லை.

அடுத்த ஆண்டு மகளுக்கு ப்ளஸ் டூ. ப்ளஸ் டூ வீட்டில் டி.வி.யே மூடிக் கிடக்கும், ஊர்ப் பயணத்தைப் பற்றிப் பேச்சே எடுக்க முடியாது. அதற்கடுத்த ஆண்டு அவள் எந்தக் கல்லூரி விடுதியில் இருப்பாளோ. பிள்ளைகள் இரண்டு பேரும் வளர்ந்தவர்களாகவும் இன்னும் வீட்டில் இருப்பவர்களாகவும் ஒரே நேரத்தில் இருக்கும் காலம் மிகக் குறுகியது என்பதை டீச்சர் தெளிவாக உணர்ந்திருந்தார்.

அவருக்கு வேறொரு காரணமும் இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில், அவருக்குப் பதினாலு வயதில், அவருடைய அப்பா குடும்பத்தை மெட்ராஸுக்குக் கூட்டிப் போயிருக்கிறார். வேனில் ஏற்றி, எல்.ஐ.சி. கட்டடத்தின் மாடிகளை எண்ணச் சொல்லி, எம்.ஜி.ஆர். சமாதியில் காதை வைத்து வாட்ச் ஓடுகிற சத்தம் கேட்கிறதா என்று கேட்டு, பாம்புப் பண்ணையில் இறக்கி, வி.ஜி.பி.யில் அசையாமல் நிற்கும் சிலை மனிதரைச் சிரிக்க வைக்க முயன்று, இருட்டியதும் லாட்ஜில் கொண்டுவந்து விட்டார்கள். சந்தோஷமான பயணம்தான், அப்பா தன்னால் ஆனதையெல்லாம் செய்தார். ஆனால் பாம்புப் பண்ணையும் கடற்கரையும் ஒன்றுக்கொன்று எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்பது ஊர் திரும்பும்வரை அந்தப் பதினாலு வயதுப் பெண்ணுக்குத் தெரியவில்லை. வேன் கதவு திறக்கும், ஓர் இடம் வரும். கதவு மூடும், அடுத்த இடம் வரும். பிற்பாடு வரைபடம் நடத்தும் டீச்சராகிவிட்ட அவர், தன் பிள்ளைகள் நகரத்தை இப்படித் துண்டு துண்டாகப் பார்க்கக் கூடாது என்று உறுதியாக இருந்தார். பதின்வயதில் ஒரு பெரிய நகரத்தைப் பார்ப்பதென்றால் அதற்குள் வழி கண்டுபிடித்துப் போகவும் தெரிய வேண்டும் என்பது அவர் கட்சி.

ஆகவே முதலில் இடங்களின் பட்டியலைப் போடாமல் படத்தைப் போட்டார். பழைய மாதிரி வினாத்தாள் ஒன்றின் பின்பக்கத்தில் கடற்கரையை ஒரு கோடாக இழுத்து, கூவத்தையும் அடையாற்றையும் வளைத்து விட்டார். மெட்ரோவின் நீலத் தடத்தையும் பச்சைத் தடத்தையும் கலர் பென்சிலில் போட்டார். கடற்கரை நிலையத்திலிருந்து வேளச்சேரி போகும் பறக்கும் ரயிலுக்குப் பழுப்பு நிறம். தாளைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு ஒரே ஒரு விதி சொன்னார்: ஒருவருக்கு ஓர் இடம். அந்த இடத்தை மற்றவர்கள் கேள்வி கேட்கக் கூடாது, கூட வரவும் வேண்டும்.

மகளுக்கு எழும்பூர் மியூசியத்தின் வெண்கலச் சிலைகள். அவள் படம் வரைகிறவள். மகனுக்கு ரிச்சி தெரு. பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்கு, எதிரே தடை வந்தால் தானே திரும்பிக்கொள்ளும் வண்டி ஒன்றைச் செய்துகொண்டிருந்தான். இரண்டு சர்வோ மோட்டாரும் ஓர் அல்ட்ராசோனிக் சென்சாரும் வேண்டும், கூரியரில் வந்தது ஒன்று வேலை செய்யவில்லை. கணவருக்கு மயிலாப்பூரில் மார்கழி விடியற்காலை. மாட வீதிகளில் பஜனை பாடிக்கொண்டு போவார்கள், பாபநாசம் சிவனே முன்னால் நின்று பாடிக்கொண்டு போன வழக்கம் அது, இன்னும் விடாமல் நடக்கிறது. டீச்சர் கேட்டது நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துப் புத்தகக் காட்சி. 1977இல் அண்ணா சாலையில் மதரஸா-இ-ஆஸம் பள்ளியில் தொடங்கிய காட்சிக்கு அது 48ஆவது ஆண்டு. டிசம்பர் 27 முதல் ஜனவரி 12 வரை என்று அறிவித்திருந்தார்கள். தேதியை அவர் ஜனவரி முதல் வாரமாகப் பிடித்ததற்கு அதுவே காரணம். அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த கையோடு வரும் சனி, ஞாயிறு.

நான்கு புள்ளிகளையும் படத்தில் வைத்துப் பார்த்தபோது எல்லாமே ஏதோ ஒரு தண்டவாளத்துக்குப் பக்கத்தில் விழுந்தன. அதை முதலில் கண்டுபிடித்தவன் மகன்தான். "ம்மா, ஆட்டோவே வேண்டாம்மா" என்றான். அந்த நிமிஷத்திலிருந்து போக்குவரத்து அவன் பொறுப்பு. எந்த நிலையத்தில் ஏறுவது, எங்கே மாறுவது, வாட்ஸ்அப்பில் மெட்ரோ டிக்கெட் எப்படி எடுப்பது என்பதெல்லாம் அவன் பாடு. செலவுக் கணக்கு மகள் கையில்.

நான்கு புள்ளிகளிலும் சேராத இடங்கள் எல்லாம் விடைபெற்றன. வண்டலூர், மாமல்லபுரம் இரண்டும் தனிப் பயணமாகப் போக வேண்டியவை. தி.நகரை வேண்டாமென்று சொல்லக் கொஞ்சம் தைரியம் வேண்டியிருந்தது, மாமியார் ஒரு சேலை கேட்டிருந்தார். பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கையில் ரங்கநாதன் தெருவுக்குள் போனால் அந்தப் பகல் அங்கேயே முடிந்துவிடும். டீச்சருக்கே மனசில்லாமல் விட்டது கோட்டை அருங்காட்சியகம். 1947 ஆகஸ்ட் 15 அன்று புனித ஜார்ஜ் கோட்டையில் ஏற்றிய தேசியக் கொடியை அங்கே பத்திரமாக வைத்திருக்கிறார்கள். வகுப்பில் சுதந்திரப் போராட்டம் நடத்துகிறவருக்கு அதைப் பார்க்க ஆசை இருக்காதா? இருந்தது. ஆனால் ஒருவருக்கு ஓர் இடம் என்ற விதியைப் போட்டவரே மீறினால் அது பிள்ளைகளைக் கட்டுப்படுத்தாது.

பிறகு வந்தது உறவுச் சிக்கல். கணவரின் தம்பி குடும்பம் அம்பத்தூரில் இருக்கிறது. லாட்ஜில் அறை பார்ப்பது தெரிந்ததும் தம்பி மனைவி போன் போட்டார். "என்னக்கா, மெட்ராஸ் வந்துட்டு லாட்ஜ்ல தங்குவீங்களா? ஊர்ல என்னை என்ன நினைப்பாங்க?" கோபம் நியாயமானதுதான். தமிழ்நாட்டில் நகரப் பயணத்தைத் திட்டமிடுகிறவர்கள் எல்லாரும் இந்தப் போனை எதிர்கொண்டே ஆக வேண்டும். அங்கே தங்கினால் சனிக்கிழமை பலகாரத்திலும் பேச்சிலும் போகும், போய்வர நேரம் ஆகும். தங்காவிட்டால் மனஸ்தாபம். டீச்சர் ஒரு வழி சொன்னார்: "நீங்க புத்தகக் காட்சிக்கு வாங்கம்மா. ஞாயித்துக்கிழமை மத்தியானம் முழுக்க ஒண்ணா இருப்போம். பிள்ளைங்களும் சேர்ந்து சுத்தட்டும்." கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ சாப்பாடு நான்தான் கொண்டு வருவேன்" என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. பிரச்சினை முடிந்தது.

எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே கென்னட் லேனில் லாட்ஜுகள் வரிசையாக இருக்கின்றன. அறை பிடிக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி வாடகையைவிட முக்கியமானது: செக்-இன் 24 மணி நேரமா, பகல் 12 மணியா? பகல் 12 மணி என்றால் விடியலில் வந்து இறங்குகிறவர்கள் அரை நாள் வாடகை கூடுதலாகக் கொடுக்கவோ வரவேற்பறையில் உட்காரவோ வேண்டிவரும். இவர்கள் 24 மணி நேர லாட்ஜாகப் பிடித்து, இரண்டு நாள் வாடகை கொடுத்துவிட்டார்கள். ஞாயிறு இரவு ரயில் ஏறும் முன் குளித்து உடை மாற்ற ஓர் அறை இருப்பதன் அருமை, பகல் முழுக்கப் புழுதியில் நடந்தவர்களுக்குத் தெரியும். நால்வரின் ஆதார் அட்டை, ஒரு கூடுதல் படுக்கை. அவ்வளவுதான்.

திட்டத்தின் மிக நல்ல பகுதி சனிக்கிழமை காலையில் இருந்தது. அங்கே எதுவும் எழுதப்படவில்லை.

ரயிலைவிட்டு இறங்கினோம், பல் தேய்த்தோம், குளித்தோம், ஏழு மணிக்குக் கிளம்பினோம் என்பதுதான் நம் வீடுகளின் பயண இலக்கணம். பதின்வயதுப் பிள்ளைகளின் உடல் இதற்கு ஒத்துழைக்காது. உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் என்ற ஹார்மோன் அந்த வயதில் இரவில் தாமதமாகத்தான் சுரக்கிறது. அவர்கள் லேட்டாகத் தூங்கி லேட்டாக எழுவதில் சோம்பேறித்தனத்தைவிட உடற்கூறுக்குப் பங்கு அதிகம். 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும் என்பது உறக்க மருத்துவர்களின் பரிந்துரை. ஸ்லீப்பர் கோச்சில் மதுரையிலும் திருச்சியிலும் ஆள் ஏறி இறங்க, அதில் பாதிகூடக் கிடைக்காது. முதல் பீரியடில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் பிள்ளைகளை வருஷக் கணக்காகப் பார்த்த டீச்சருக்கு இதைப் புத்தகத்தில் படிக்க வேண்டிய தேவையே இல்லை. அறைக்கு வந்ததும் ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். பத்து மணி வரை யாரும் யாரையும் எழுப்பவில்லை. கணவர் கீழே போய்ப் பேப்பர் வாங்கி வந்து படித்துக்கொண்டிருந்தார்.

பதினொரு மணிக்குப் பாந்தியன் சாலை வழியாக மியூசியத்துக்கு நடந்தார்கள். 1851இல் தொடங்கியது, வெள்ளிக்கிழமை விடுமுறை, மற்ற நாள் காலை ஒன்பதரைக்குத் திறக்கிறது. மகன் முதலில் கற்காலப் பகுதிக்குப் போனான். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் தொல்வரலாற்று ஆய்வு அங்கிருந்துதான் கிளம்புகிறது. அவருடைய சேகரிப்பு பிறகு இந்த மியூசியத்துக்கே வந்து சேர்ந்தது. "பல்லாவரம்னா ஏர்போர்ட் பக்கமாம்மா?" என்று அவன் கேட்டான். படத்தில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டான். ஆதிச்சநல்லூர்ப் பொருள்களின் முன்னால் நால்வரும் அதிக நேரம் நின்றார்கள். தாமிரபரணிக் கரையில் அலெக்சாண்டர் ரீ தோண்டி எடுத்தவை. அந்தப் பக்கம் எத்தனையோ தடவை பஸ்ஸில் கடந்து போனவர்கள், அங்கே கிடைத்ததைப் பார்க்க எழும்பூர் வரவேண்டியிருந்தது.

வெண்கலக் காட்சிக்கூடத்தில் மகள் உட்கார்ந்துவிட்டாள்.

திருவாலங்காட்டு நடராசரைப் பற்றி அவள் வீட்டிலேயே படித்து வைத்திருந்தாள். பிரெஞ்சுச் சிற்பி ரோதான் இந்த மியூசியத்து நடராசர்களின் புகைப்படங்களை மட்டும் பார்த்துவிட்டு, சிவதாண்டவத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அது 1921இல் அச்சில் வந்தது. அவர் சிலையை நேரில் பார்க்கவே இல்லை. "அவருக்குக் கிடைக்காதது எனக்குக் கிடைச்சிருக்கு" என்று தம்பியிடம் சொன்னவள், வரைய எடுத்துக்கொண்டது என்னவோ பக்கத்திலிருந்த திருவெண்காட்டு அர்த்தநாரியை. வலப்பக்கம் சிவனுக்கு இரண்டு கை, இடப்பக்கம் உமைக்கு ஒரே கை. கைகளின் எண்ணிக்கை பொருந்தவில்லை, ஆனாலும் உடம்பு சாயவில்லை. எப்படி? பென்சிலால் இடுப்பின் வளைவைத் தொடர்ந்து போனபோதுதான் அவளுக்குப் பிடிபட்டது. அந்த ஒற்றைக் கையின் பக்கம் இடுப்பு வெளியே தள்ளி நிற்கிறது, இரண்டு கையின் எடையை அது ஈடுகட்டுகிறது. அழித்து அழித்து வரைந்தாள். மதியம் இரண்டிலிருந்து நாலு வரை என்று டீச்சர் தாளில் வெறும் கட்டமாக விட்டிருந்த நேரம் முழுவதும் அங்கேயே போனது. அந்தக் கட்டத்தில் எதையாவது நிரப்பியிருந்தால், வா போகலாம் என்று கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்திருக்கும். மகன் அமராவதிச் சிற்பங்களை இரண்டு சுற்று பார்த்துவிட்டு வந்து, அக்காவின் பக்கத்தில் பொறுமையாக உட்கார்ந்தான். விதி அவனுக்கும் சாதகமானது என்று அவனுக்குத் தெரியும்.

எழும்பூரிலிருந்து சென்ட்ரல், அங்கே பச்சைத் தடத்திலிருந்து நீலத் தடத்துக்கு மாறி அரசினர் தோட்டம். இந்தச் சின்னப் பயணத்தில் மகன் முன்னால் நடந்தான், மற்ற மூவரும் பேசாமல் பின்னால் போனார்கள். சென்ட்ரலில் பலகையைப் படிக்க அவன் நின்றபோது கணவர் வாயைத் திறந்தார், டீச்சர் அவர் கையைத் தொட்டார். பையன் பலகையை இரண்டு முறை படித்துவிட்டு விமான நிலையத் திசைக்கான நடைமேடையைச் சரியாகப் பிடித்தான். மறுநாளைக்கான ஒத்திகை அது என்பது டீச்சருக்கு மட்டும் தெரியும்.

ரிச்சி தெருவில் கடைகள் அலமாரி அகலம்தான் இருக்கும். பொருளின் பெயரைச் சொன்னால் போதும், கடைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் டப்பாவை எடுத்துப் போடுவார். "எஸ்ஜி 90 சர்வோ ரெண்டு பீஸ் அண்ணே" என்று கேட்ட எட்டாம் வகுப்புப் பையனிடம், "பிளாஸ்டிக் கியரா, மெட்டல் கியரா தம்பி?" என்று அவர் சமவயதுக்காரரிடம் கேட்பது போலவே கேட்டார். அப்பா உதவிக்கு வர முடியாத கேள்வி. பையன் வண்டியின் எடையைச் சொன்னான். அப்படியென்றால் பிளாஸ்டிக்கே தாங்கும், காசை வீணாக்காதே என்றார். சென்சாரை அங்கேயே மின்சாரம் கொடுத்துச் சோதித்துக் காட்டச் சொன்னான், அவரும் செய்தார். பில் வாங்கி அக்காவிடம் கொடுத்தான், கணக்கில் ஏறியது. மகனின் முகத்தில் அப்போது இருந்த நிமிர்வை டீச்சர் பள்ளிக்கூடத்தில் பார்த்ததில்லை.

சிந்தாதிரிப்பேட்டையில் பறக்கும் ரயில் ஏறித் திருவல்லிக்கேணி, அங்கிருந்து நடந்து மெரினா. கடல் எல்லாருக்கும் பிடிக்கும், அதற்குத் திட்டம் வேண்டாம். அலை கணுக்காலைத் தாண்டும் இடத்தில் நிற்க வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். மெரினாவில் உயிர்ப்பலிகள் நிஜம், எச்சரிக்கைப் பலகைகளை அலங்காரத்துக்கு வைக்கவில்லை.

இருட்டியதும் அதே ரயிலில் கடற்கரை நிலையத்துக்குப் போனார்கள், அத்தோ சாப்பிட. 1962இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தபின் கடைகளும் தொழில்களும் அரசுடைமையாயின. தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் லட்சக்கணக்கில் கப்பலேறி வந்தார்கள். பர்மா பஜார் அவர்கள் பிழைப்புக்கு உருவானது. கூடவே வந்தது இந்தச் சாப்பாடு. தள்ளுவண்டிக்காரர் ஆரஞ்சு நிற நூடுல்ஸைக் கையால் அள்ளிப் போட்டு, முட்டைக்கோஸ், வெங்காயம், மிளகாய்த் தூள், புளித்தண்ணீர், பூண்டு வதக்கிய எண்ணெய் எல்லாம் விட்டு, மொறுமொறுவென்று இருக்கும் பேஜோவை நொறுக்கித் தூவி விரலால் பிசைந்து கொடுத்தார். பக்கத்துக் கிண்ணத்தில் வாழைத்தண்டு போட்ட சூடான சூப். எட்டாம் வகுப்புப் பையனுக்கு யூடியூபில் பார்த்த பண்டம். டீச்சருக்கு, பாடப்புத்தகத்தில் வராத ஒரு பெரிய இடப்பெயர்வு. ப்ளேட்டைக் கையில் பிடித்துக்கொண்டே அதைச் சொன்னார். பிள்ளைகள் கேட்டார்கள். நின்றுகொண்டு சாப்பிடும்போது சொல்லும் வரலாற்றுக்கு நல்ல கவனம் கிடைக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைக்கான ஏற்பாடு சனி இரவே பேசி முடிந்திருந்தது. விடியற்காலை பெரியவர்கள் இருவரும் மயிலாப்பூர் போவார்கள். பிள்ளைகள் தூங்கி எழுந்து, கீழே இட்லி சாப்பிட்டுவிட்டு, தாங்களே மெட்ரோவில் நந்தனம் வரவேண்டும். பதினொன்றரைக்குப் புத்தகக் காட்சி வாசலில் சந்திப்பு.

கணவருக்கு இது சுலபமாக ஏறவில்லை. தெரியாத ஊர், பெண்பிள்ளை வேறு. டீச்சர் அவரோடு வாதாடவில்லை, ஒவ்வொன்றாக அடுக்கினார். எழும்பூர் மெட்ரோ லாட்ஜுக்கு எதிரே. சென்ட்ரல் பச்சைத் தடத்தின் கடைசி நிலையம், தூங்கிப்போனாலும் தாண்டிப் போக முடியாது. நேற்று மாறிய அதே நடைமேடை. இறங்க வேண்டியது மட்டும் சில நிலையங்கள் தள்ளி. இரண்டு பேர் போனும் சார்ஜில், பவர் பேங்க் பையில். போன் தொலைந்தாலும் கைவசம் இருக்கட்டும் என்று பெற்றோர் இருவரின் எண்ணும், லாட்ஜ் எண்ணும், குழந்தைகள் உதவி எண் 1098உம், காவல் 112உம் ஒரு துண்டுச் சீட்டில் இருவர் பாக்கெட்டிலும். வழி தவறினால் வெளியே போகாமல் நிலையத்துக்குள்ளேயே ஊழியரிடம் போய் நிற்க வேண்டும். ஒருவரை விட்டு ஒருவர் ரயிலில் ஏறக் கூடாது. "ராஜபாளையத்துல டியூஷன் முடிஞ்சு ராத்திரி எட்டரைக்குச் சைக்கிள்ல தனியா வர்றவதாங்க" என்றார் கடைசியில். கணவர் சரி என்றார்.

மாட வீதியில் பஜனைக் குழு வந்தபோது கணவர் கூடவே நடந்தார். அவர் குரல் அவ்வளவு நன்றாக இருக்கும் என்பது, வீட்டில் வாயே திறக்காதவரோடு இத்தனை வருஷம் வாழ்ந்த மனைவிக்கே அன்று கொஞ்சம் புதிதாகத்தான் இருந்தது. பிள்ளைகள் தூங்கும் நேரத்தைத் தகராறு இல்லாமல் அவர்களுக்கே விட்டுவிட்டால், பெரியவர்களுக்கும் ஒரு காலைப்பொழுது கிடைக்கிறது. கோயில் வாசல், கோலங்கள், ஃபில்டர் காபி. அவசரமே இல்லை.

ஒன்பதே முக்காலுக்கு "எழுந்தாச்சு" என்று செய்தி வந்தது. பத்தரைக்கு "சாப்பிட்டாச்சு, கிளம்புறோம்." அதன் பிறகு எதுவும் வரவில்லை. நந்தனம் மெட்ரோவின் வெளிவாசலில் நின்ற டீச்சர், போனைக் கையிலிருந்து இறக்கவேயில்லை. அழைக்கவும் இல்லை. அழைத்தால் ஒத்திகைக்கும் துண்டுச் சீட்டுக்கும் அர்த்தம் இல்லாமல் போகும். மேலே ஏறி வருகிறவர்களில் ஒவ்வொரு ஜோடியையும் பார்த்தார். மெட்ரோவிலிருந்து மூன்று கூட்டம் வெளியே வந்து கலைந்தது. நான்காவதில் மகள் முன்னால், மகன் பின்னால், இருவரும் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள். எந்தப் பக்கத்து வாசல் மைதானத்துக்கு அருகில் என்பதில் தகராறு. அம்மா நிற்பதைப் பார்த்து மகளுக்குக் கோபம்: "கேட்லதானே நிக்கிறேன்னு சொன்னீங்க? இங்க எதுக்கு வந்தீங்க?" நியாயமான கேள்வி. டீச்சர் பதில் சொல்லாமல் சிரித்துக்கொண்டே கூட நடந்தார்.

ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியின் மைதானம் அது. ஹாரி க்ரோ பக் 1920இல் தொடங்கிய கல்லூரி. ஏறத்தாழ 900 அரங்குகள், பெரும்பாலும் எல்லாவற்றிலும் 10 சதவீதத் தள்ளுபடி. அத்தனையையும் சுற்றிவர யாராலும் முடியாது. உள்ளே நுழைந்ததும் பிரிந்துவிட்டார்கள். அம்பத்தூர் வீட்டுப் பிள்ளைகள் வந்ததும் நான்கு பேர் ஒரு கூட்டணி. தம்பி மனைவி தூக்குச் சட்டியில் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கொண்டுவந்திருந்தார், மரத்தடியில் ஜமுக்காளம் விரித்துச் சாப்பிட்டார்கள். "வீட்டுக்கு வந்திருந்தா நான் அடுப்படியிலயேதான் கிடந்திருப்பேன் அக்கா. இப்படி உங்ககூட உட்காந்து பேசி எத்தனை வருஷம் ஆச்சு" என்று அவரே சொன்னார். மகள் தன் பங்குக் காசில் சோழர் கால வெண்கலம் பற்றிய ஒரு கனமான புத்தகம் வாங்கினாள், காசு போதாமல் தம்பியிடம் கடன். அந்தக் கடனும் கணக்கு நோட்டில் ஏறியது. மாலை மெட்ரோவில் எழும்பூர் திரும்பி, குளித்து, இரவு பொதிகையில் ஏறினார்கள். திங்கட்கிழமை இரண்டாவது பீரியடுக்கு மகன் வகுப்பில் இருந்தான், பையில் சர்வோ மோட்டார்களுடன்.

ஏப்ரலில் எதிர்வீட்டுக் குடும்பம் மே விடுமுறைக்குச் சென்னை போக யோசித்தபோது அந்தத் தாளைக் கேட்டு வந்தார்கள். அவர்களுக்கும் இரண்டு பெண்கள், ஒருத்தி பத்தாம் வகுப்பு எழுதி முடித்தவள். மகள் தாளை அப்படியே கொடுக்கவில்லை. ரயில் கோடுகளை மட்டும் புதுத் தாளில் பிரதி எடுத்துக்கொண்டு, அந்தப் பெண்களை எதிரே உட்கார வைத்து, ஆளுக்கு ஓர் இடம் கேட்டாள். மே மாதத்தில் புத்தகக் காட்சி கிடையாது. அதற்குப் பதில் பறக்கும் ரயிலில் கோட்டூர்புரம் போய் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தைப் பார்க்கலாம், வெயிலுக்கும் நல்லது என்றாள். கடற்கரையை மாலை ஐந்துக்கு அப்புறம் வைத்தாள். அவர்கள் வியாழன் இரவு கிளம்புவதால் வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் மியூசியம் கூடாது என்று பெரிதாகக் குறித்தாள். சின்னவளுக்கு ரிச்சி தெருவில் ஏதோ வாங்க வேண்டுமாம், அதை ஞாயிறு காலையில் போட்டாள். "ஞாயித்துக்கிழமை பாதிக்கு மேல கடை பூட்டிக் கிடக்கும்" என்று உள்ளறையிலிருந்து தம்பி குரல் கொடுத்தான். அவள் ரப்பரை எடுத்து அந்தப் புள்ளியை அழித்துவிட்டு, சனிக்கிழமை மதியத்துக்கு மாற்றினாள்.